பிறந்தநாள் சாப்பாடும் வார்டன் சம்பளமும்

வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தால் எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பலர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போன் போட்டு, "அன்னைக்கு மதியச் சாப்பாடு எங்க செலவு" என்று சொல்லிவிடுவார்கள். பிரியாணி போகும், கேக் போகும், திதி நாளாக இருந்தால் வடை பாயசத்தோடு இலைச் சாப்பாடு போகும். இதில் யாரும் மதம் பார்ப்பதில்லை. இந்து வீட்டுத் திதிச் சாப்பாட்டை சிஸ்டர்கள் நடத்தும் இல்லத்தில் போடுகிறார்கள். பிள்ளைகள் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சந்தோஷம். வாத்தியாராக இருந்த காலத்தில் என் வகுப்பில் எப்போதும் நாலைந்து ஹோம் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பழக்கம் தெரிந்தவர்கள் டீக்கடையில் என்னிடம், "நல்ல ஹோமா ஒண்ணு சொல்லுங்க சார்" என்று கேட்பார்கள். நான் பேரைச் சொல்வதற்கு முன்னால் பேச்சை இழுத்துவிடுவேன். உட்காருங்கள், இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம்.

முதல் விஷயம், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அனாதைகள் இல்லை. சந்தேகமாக இருந்தால் பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஏதாவது ஒரு மிஷன் ஹோமுக்குப் போய்ப் பாருங்கள். தாழ்வாரம் முழுக்க அம்மாக்களும் பாட்டிகளும் உட்கார்ந்திருப்பார்கள். எவர்சில்வர் தூக்கில் மீன்குழம்பு, மஞ்சள் பையில் முறுக்குப் பொட்டலம். மகள் அவசர அவசரமாகச் சாப்பிடுவாள். அம்மா ஊர்க்கதை பேசிக்கொண்டே அவள் தலையில் பேன் பார்ப்பாள். நாலு மணிக்கு மணி அடித்தால் அம்மாக்கள் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும்.

இது நம் ஊர் விசேஷம் இல்லை. உலகம் முழுக்க இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்துக்கு நாலு பேருக்காவது அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009இல் ஓர் அறிக்கையில் சொன்னது. இந்தியாவில் 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உள்ளிட்ட 8 மாநிலங்களுக்கு, இல்லப் பிள்ளைகளைக் குடும்பத்திடம் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள் என்று எழுதியது. அந்த 8 மாநிலங்களில் மட்டும் 1.84 லட்சம் பிள்ளைகள். திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டுமென்றால் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அத்தனை பேரையும் மொத்தமாக மூட்டை கட்டி அனுப்பிவிட முடியாது, ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்ற விவாதமும் அப்போது வந்தது. கொரோனா சமயத்தில் வீட்டுக்குப் போன பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் உத்தரவிட்டது.

அம்மா இருக்கும் பிள்ளை ஏன் ஹோமில் இருக்கிறது? இதற்கு 300 வருஷம் பின்னால் போக வேண்டும். கதை தொடங்குவது ஜெர்மனியில், ஒரு காணிக்கைப் பெட்டியில்.

ஹாலே நகரத்துப் பக்கம் அகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற போதகர் தன் வீட்டில் ஏழைகளுக்காக ஒரு பெட்டி வைத்திருந்தார். 1695இல் ஒருநாள் அதில் யாரோ 4 தாலர் 16 குரோஷன் போட்டிருந்தார்கள். அந்தக் காசை முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார் ஃபிராங்கே. சில வருஷத்தில் அது பெரிய அனாதை இல்லமாகி, அச்சகம், மருந்துக்கடை, நூலகம் என்று ஒரு குட்டி ஊராகவே வளர்ந்தது. மருந்து விற்றும் புத்தகம் அச்சடித்து விற்றும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். அந்த ஃபிராங்கேயின் மாணவர்தான் சீகன்பால்க். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், சீக்கிரத்திலேயே பிள்ளைகளைத் தங்கவைத்து, சோறும் துணியும் கொடுத்துப் படிக்கவைக்கும் பள்ளிகளை நடத்த ஆரம்பித்துவிட்டார். ஹாலேயில் பார்த்ததை இங்கே செய்தார். பணம் எப்படி வந்தது என்றால், தரங்கம்பாடியிலிருந்து எழுதிய கடிதங்களையும் அறிக்கைகளையும் 1710 முதல் ஹாலேயில் அச்சிட்டார்கள். அதைப் படித்து மனம் இளகிய ஐரோப்பியர்கள் காசு அனுப்பினார்கள். இன்றைக்கு ஸ்பான்சருக்குப் போகும் செய்திமடலுக்குக் கொள்ளுத்தாத்தா அதுதான்.

கடலூருக்கு இது வர அதிக நாள் ஆகவில்லை. 1690இலேயே ஆங்கிலேயர்கள் இங்கே புனித டேவிட் கோட்டையை மராட்டியரிடம் வாங்கிவிட்டார்கள். 1717இல் சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் சம்மதிக்க, தரங்கம்பாடி மிஷனரிகள் சென்னையிலும் கடலூரிலும் தர்மப் பள்ளிகள் திறந்தார்கள். 1740இல் கீர்நாண்டர் என்ற சுவீடன் நாட்டுக்காரர் கடலூர் மிஷனுக்கு வந்தார். வருவதற்கு முன் ஹாலே இல்லத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போய், அங்கேயும் முதல் வேலையாகப் பள்ளிக்கூடம் திறந்தார். தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இடிந்து நிற்கும் அந்தக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பீரங்கியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அடுத்த அலை 1860களில் வந்தது. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி, சபைக்குள் சாதியைப் பொறுத்துப் போகும் லைப்சிக் மிஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானி என்று ஒரு நிலையம் அமைத்தார். டென்மார்க் மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று அவர்கள் போன இடமெல்லாம் பள்ளிக்கூடத்தோடு ஒரு போர்டிங்கும் முளைத்தது.

ஏன் போர்டிங் என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. சேரியில் பள்ளிக்கூடம் இல்லை. ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் சேரிப் பிள்ளையை உட்கார விடமாட்டார்கள். உட்கார விட்டாலும் மாடு மேய்க்கப் போகும் பையனைப் பண்ணையார் விடமாட்டார். ஆகவே படிக்க வேண்டுமென்றால் பிள்ளையை ஊரைவிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 78 வரை, மெய்யாகவே அனாதையான பிள்ளைகளாலும் மிஷன் காம்பவுண்டுகள் நிரம்பின. ஆனால் பஞ்சம் தீர்ந்த பின்னும் போர்டிங் தொடர்ந்ததற்குக் காரணம் பள்ளிக்கூடம்தான். இதே காரணத்துக்காகத்தான் 1916இல் சுவாமி சகஜானந்தர் என்ற இந்துத் துறவி சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். மிஷனரி வேலைக்கு மதமாற்றம் ஒன்றுதான் நோக்கம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் சகஜானந்தர் ஏன் அதே வேலையைச் செய்தார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். பிரார்த்தனைக்கு வராத பிள்ளைக்கும் அதே தட்டில் அதே சோறு விழுகிறதா என்பது மட்டும்தான் நான் பார்க்கும் சோதனை. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பெற்றவர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவும் சொல்கிறது.

சரி, அந்தக் காரணங்கள் இன்றைக்கு இருக்கின்றனவா? ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. 1956இல் காமராஜர் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022இல் தொடக்கப் பள்ளிக்குக் காலை உணவு. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், இலவச பஸ் பாஸ், ஆதிதிராவிடர் நல விடுதி. சோற்றுக்காகவும் பள்ளிக்காகவும் மட்டும் ஒரு பிள்ளை வீட்டைவிட்டுப் போக வேண்டிய காலம் நம் மாவட்டத்தில் பெரும்பாலும் போய்விட்டது.

இன்று ஹோமில் இருப்பது யார்? கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்களின் பிள்ளைகள். அப்பா குடித்தே போய்ச் சேர்ந்துவிட, அம்மா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போன பிள்ளைகள். அம்மா மறுமணம் செய்துகொண்ட வீட்டில் இடம் இல்லாமல் போனவர்கள். வயசுக்கு வந்த பெண்ணைக் கதவில்லாத குடிசையில் வைத்துவிட்டு நாள் முழுக்க வேலைக்குப் போகப் பயந்த அம்மா கொண்டுவந்து விட்டவர்கள். கடைசியாகச் சொன்ன அம்மாவிடம் போய், "குழந்தை குடும்பத்தில்தான் வளர வேண்டும்" என்று தத்துவம் பேச எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு ஹோம் வேண்டும்தான். மற்ற பலருக்கு மாதம் இரண்டாயிரமோ நாலாயிரமோ கையில் இருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும்.

இங்கேதான் சிக்கல். 1950களில் வெளிநாட்டில் ஒரு புது ஏற்பாடு பரவியது. ஒரு பிள்ளைக்கு ஒரு ஸ்பான்சர், மாதாமாதம் குறிப்பிட்ட தொகை, வருஷத்துக்கு ஒரு போட்டோவும் ஒரு கடிதமும். கொரியப் போரில் அனாதையான பிள்ளைகளுக்காக 1952இல் அமெரிக்காவில் கம்பேஷன் என்ற அமைப்பு தொடங்கியது. 1959இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் தொடங்கிய கிண்டர்நாட்ஹில்ஃபெ முதலில் கை கொடுத்ததே இந்தியப் பிள்ளைகளுக்குத்தான். நல்ல மனசு, சந்தேகமே இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஸ்பான்சருக்கு எழுதும் கடிதத்தைப் பார்த்திருக்கிறேன். வார்டன் கரும்பலகையில் எழுதிப்போட, எல்லோரும் பார்த்து எழுதுவார்கள். 'எனக்குப் பிடித்த நிறம்' என்ற இடத்தில் மட்டும் சொந்தமாக எழுதலாம். ஒரு பையன் என்னிடம் வந்து, "சார், போன வருஷம் பச்சைன்னு எழுதிட்டேன், இந்த வருஷம் நீலம்னு எழுதினா கோச்சுப்பாங்களா?" என்று கேட்டான்.

இந்த ஏற்பாட்டில் பல இல்லங்களில் என்ன ஆனது என்றால், பிள்ளை இல்லத்தில் இருக்கும்வரைதான் பணம். வீட்டுக்குப் போய்விட்டால் நின்றுவிடும். ஐம்பது கட்டில் போட்டு, சமையல்காரருக்கும் வார்டனுக்கும் சம்பளம் பேசிவிட்ட இல்லத்துக்கு, நாற்பது பிள்ளைகள் வீடு திரும்புவது நல்ல செய்தியா? நல்ல செய்திதான், ஆனால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது. யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே, பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டாகிவிடுகிறது. பிறகு வெளிநாட்டுப் பணம் வரும் வழி குறுகியது. 2017 மார்ச்சில் கம்பேஷன் இந்தியாவில் வேலையை நிறுத்தியபோது, சுமார் 1.45 லட்சம் பிள்ளைகளுக்கு அந்த உதவி நின்றுபோனது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறான். லீவில் வந்திருந்தபோது இதையெல்லாம் அவனிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் போகும் சபையிலிருந்து கோடைதோறும் இருபது முப்பது பேர் எல்லை தாண்டி, மெக்சிகோவில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறார்களாம். ஒரு வாரம் தங்கி, சுவருக்கு வண்ணமடித்து, விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தி, பந்து விளையாடி, கடைசி நாள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருவார்கள். "அதே மாதிரி நம்ம கடலூருக்கும் ஒரு டீமைக் கூட்டிட்டு வரலாமா அங்கிள்?" என்றான்.

மெக்சிகோவிலும் ஒரு காணிக்கைப் பெட்டிக் கதை உண்டு. 1954இல் குவெர்னவாகா ஊரில் வில்லியம் வாசன் என்ற பாதிரியாரின் கோயிலில் ஏழைகளுக்கான பெட்டியை உடைத்து ஒரு பையன் திருடிவிட்டான். போலீஸ் பிடித்தது. பாதிரியார் புகார் கொடுக்க மறுத்து, பையனை என்னிடம் விடுங்கள் என்று கூட்டிப்போனார். நீதிபதி இன்னும் எட்டுப் பையன்களை அனுப்பிவைத்தார். அதிலிருந்து வளர்ந்த இல்லங்கள் இன்று பல லத்தீன் அமெரிக்க நாடுகளில் இருக்கின்றன. ஹாலேயில் பெட்டியில் காசு போட்டவரிடமிருந்து தொடங்கியது, மெக்சிகோவில் பெட்டியிலிருந்து காசு எடுத்தவனிடமிருந்து தொடங்கியது. எனக்கு இரண்டாவது கதைதான் அதிகம் பிடிக்கும். அதே மெக்சிகோவில் சமோரா ஊரில் 'பெரிய குடும்பம்' என்ற பெயரில் ஒரு பெண்மணி பல பத்தாண்டுகளாக நடத்திவந்த இல்லத்துக்குள் 2014 ஜூலையில் போலீஸ் நுழைந்து, அழுக்கிலும் அடியிலும் கிடந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தது. ஊரே புகழ்ந்த இல்லம் அது.

பையனிடம் நான் சொன்னது இதுதான். உங்கள் டீம் அழுதுகொண்டு விமானம் ஏறுவதோடு உங்களுக்கு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் இன்னொரு டீம் வருகிறது. ஒரே வருஷத்தில் எத்தனை அக்கா, எத்தனை அண்ணன்! முதல் நாளே ஓடிவந்து மடியில் உட்காரும் பிள்ளையைப் பார்த்து, 'எவ்வளவு பாசம்' என்கிறார்கள். தெரியாதவர் மடியில் முதல் நாளே உட்காரும் ஐந்து வயதுப் பிள்ளையைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை அம்மா முந்தானைக்குப் பின்னால்தானே போய் நிற்கும்? ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில் 2000இல் தொடங்கி 136 குழந்தைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஆய்வும் இந்தப் பக்கமே கை காட்டுகிறது. இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் ஒட்டுதலிலும் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். நிலையாக ஒரே ஆள் பக்கத்தில் இருப்பதுதான் மருந்து. ஆகவே வண்ணமடிக்க ஹூஸ்டனிலிருந்து ஆள் வேண்டாம். புதுநகரில் பெயிண்டர் இருக்கிறார், அவருக்கும் வேலை வேண்டும்.

அவன் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. டீ ஆறிவிட்டதால் இன்னொன்று சொன்னேன்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007இல் மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றி ஒரு நாளிதழில் வந்த செய்தி, உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்காகி, 2017 மே மாதம் நாடு முழுவதற்குமான தீர்ப்பாக முடிந்தது. இதற்கிடையில் 2015இல் இளைஞர் நீதிச் சட்டம் புதிதாக வந்தது. அதன்படி எந்த இல்லமும் பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது. நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தனியாகக் கிடைத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். படுக்கும் கூடம் 25 பிள்ளைகளுக்கு 1,000 சதுர அடி, 7 பேருக்கு ஒரு கழிப்பறை என்று விதிமுறை அளவே கொடுத்திருக்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளதுதான். பலருக்குத் தெரியாத 74ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் பெயர், முகம், பள்ளி ஆகியவற்றை வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கேக் வெட்டி, பின்னால் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து எடுத்த படத்தைப் பேஸ்புக்கில் போடும் அப்பாக்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த வரிசையில் நிற்கும் பையனுக்கும் பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் போன் இருக்கிறது.

இல்லம் கடைசி வழிதான் என்பதை நம் ஊரே ஒருமுறை காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியை நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு என்று குப்பம் குப்பமாகப் பிள்ளைகள் நின்றார்கள். வெளியூர் வண்டிகள் வரிசை கட்டி வந்தன. அனாதைப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. யாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று தமிழக அரசு கறாராக நின்று, தானே இல்லங்கள் திறந்தது. அதைவிட முக்கியம், பல பிள்ளைகளைச் சித்தியும் பெரியம்மாவும் ஆயாவும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். தன் வீடே போன சித்திதான் அப்படிச் செய்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது கையில் கொஞ்சம் பணம்.

அந்தப் பணத்துக்கு இப்போது வழி இருக்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், வீட்டில் இருந்தே படிக்கும் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000. ஆனால் இதற்கு விண்ணப்பம் போட சான்றிதழ் வேண்டும். இறப்புச் சான்று, வருமானச் சான்று, பிள்ளை பேரில் பேங்க் கணக்கு. கரும்பு வெட்டப் போகும் பாட்டியால் தாலுகா ஆபீசுக்கு நாலு நாள் அலைய முடியாது. அலைந்தால் நாலு நாள் கூலி போகும். சபைகளுக்கு நான் சொல்கிற மிஷன் வேலை இதுதான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மேஜை போட்டு, இரண்டு படித்த பிள்ளைகளை உட்காரவைத்து, இந்த மனுக்களை எழுதிக் கொடுங்கள். மறுநாள் பாட்டியோடு கூடப் போங்கள். கலெக்டர் ஆபீஸ் நம் தெருமுனையில்தானே இருக்கிறது.

ஹோமுக்கே கொடுக்க வேண்டும் என்றால் கொடுங்கள், தப்பில்லை. உண்மையாகவே போக இடம் இல்லாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். முதலில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மறைக்க எதுவும் இல்லாத வார்டன் சுவரிலேயே மாட்டிவைத்திருப்பார். போன வருஷம் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று கேளுங்கள். பிறகு காலண்டரைப் பாருங்கள். டிசம்பரில் தினமும் பிரியாணி வந்து பிள்ளைகளுக்கு வயிறு கெட்டுப்போகும். ரசம் சாதம் கிடைக்காதா என்று ஏங்குவார்கள். பள்ளி திறக்கும் ஜூனில் மளிகைக்கடையில் பாக்கி நிற்கும். வார்டன் சம்பளம், ராத்திரி பிள்ளைகளோடு படுக்கும் ஆயாவின் சம்பளம், வந்து பார்க்கும் அம்மாக்களுக்குப் பஸ் காசு, இந்த மூன்றையும் கொடுப்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. சம்பளம் குறைந்தால் நல்ல ஆயா நிற்கமாட்டார். அவர் போனால் பிள்ளை மறுபடி ஒரு புது ஆளைப் பழக வேண்டும்.

ஹூஸ்டன் பையன் கணக்குப் போடுகிறவன். "அப்ப ஒரு ஆயா சம்பளத்தை நான் வருஷம் பூரா ஏத்துக்கிறேன் அங்கிள். சபை மூலமா அனுப்பட்டா?" என்றான். சபை மூலம் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் வரும். இல்லத்துக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் வந்து விழ வேண்டும். அப்படி வந்ததை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இந்தியக் குடிமகன் எங்கே இருந்தாலும், தன் சொந்தச் சம்பளத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. பாஸ்போர்ட் நகலை இல்லத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

"நீ இன்னும் நம்ம பாஸ்போர்ட்தானே?" என்றேன்.

அடுத்த மாதம் அமெரிக்கக் குடியுரிமைக்கு நேர்காணல் இருக்கிறதாம். அப்படியென்றால் முதல் வருஷத்துப் பணத்தை இந்த வாரமே போட்டுவிடு, மீதியை உன் அம்மா பென்ஷனிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.